உடன் செல்ல ஒருவர் வேண்டும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று கீழ் வகுப்புகளிலேயே படித்துவிட்டோம். ஆனால் இம்மூன்றும் கிடைத்துவிட்டால் மட்டும் மனம் நிறைந்துவிடுகிறதா? விடுமுறையில் கடற்கரைக்குப் போகிறோம், பந்து விளையாடுகிறோம், உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு ரயிலேறுகிறோம். இந்த மகிழ்ச்சிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் வேண்டும் அல்லவா? அதற்கு அரசு செய்யும் உதவிகள் யாவை, அவை எதுவரை எட்டும் என்பதைக் காண்போம்.

ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டு ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, கலை, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் அவர்களுக்கும் பங்குண்டு என்கிறது. இந்தியா 2007இல் அதனை ஏற்று உறுதி செய்தது. 2016ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொள்கிறது. அதன் 29ஆம் பிரிவு கலை, பொழுதுபோக்கு பற்றியும், 30ஆம் பிரிவு விளையாட்டு பற்றியும் கூறுகின்றன. எனவே பொழுதுபோக்கு என்பது இரக்கப்பட்டுத் தரும் பிச்சையன்று, உரிமை.

இனிப் பணத்தைப் பற்றிப் பார்ப்போம். கடும் பாதிப்புடையோர், அறிவுசார் குறைபாடுடையோர் முதலியோருக்குத் தமிழக அரசு தரும் மாத உதவித்தொகை 2,000 ரூபாயாக உயர்ந்தது. இது பராமரிப்புக்கென்று தரப்படுவது. மருந்துக்கும் ஆட்டோவுக்குமே சரியாகிவிடும். உல்லாசத்திற்கென்று அதில் தனிப் பங்கு கிடையாது.

ஆயினும் வேறு வழிகளில் உதவி வருகிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் வருபவரும் இலவசமாகச் செல்லலாம். துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவருக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்புக் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. துணைக்கு வருபவருக்கும் அவ்வாறே. சக்கர நாற்காலி, காதொலிக் கருவி போன்றவற்றை வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் நடைபெறுகிறது.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை திறக்கப்பட்டது. அதுவரை மணலில் சிக்கி நின்ற சக்கர நாற்காலிகள் அலைகளின் அருகே சென்றன. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. ஒன்றைக் கட்டினால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எங்கள் தெருவில் நடக்க இயலாத அக்கா ஒருவர் இருக்கிறார். மாதப் பணம் தவறாமல் வருகிறது. சலுகை அட்டையும் உண்டு. இருந்தும் அவர் இன்னும் கடலைக் கண்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "அப்பாவுக்கு வயதாகிவிட்டது. என்னைத் தூக்கி ரயிலில் ஏற்ற யார் வருவார்கள்?" என்றார். துணைக்கு வருபவரின் கட்டணத்தைச் சலுகை குறைக்கிறது. ஆனால் துணைக்கு ஓர் ஆளைத் தருவதில்லை!

ஆஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய தேசியக் காப்புறுதித் திட்டம் இதனை வேறு விதமாகச் செய்கிறது. திரைப்படச் சீட்டுக்கு அது பணம் தராது. ஏனெனில் சீட்டு எல்லோருக்கும் ஆகும் செலவு. ஆனால் உடன் செல்லும் உதவியாளருக்கு ஊதியம் தரும். ஏனெனில் அது குறைபாட்டினால் ஏற்படும் செலவு. எவ்வளவு தெளிவான கோடு!

விளையாட்டிலும் இதுவே நிலை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் பூப்பந்தில் வெள்ளி வென்றார். தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசளித்தது. பதக்கத்திற்குப் பின் பரிசு வருவது நன்று. ஆனால் முதல் நாள் மைதானத்திற்கு அழைத்துச் செல்லவும் ஒருவர் வேண்டுமே!

பெற்றோருக்கு ஒரு சொல். இவ்வுதவிகள் பலவற்றிற்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதற்கான மருத்துவச் சான்றும், தேசிய அடையாள அட்டையும் தேவை. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகையால், அம்மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையே அணுக வேண்டும்.

அன்புத் தோழியரே! சட்டம் உரிமையைத் தந்தது. அரசு பாதையையும் சலுகையையும் தந்தது. எஞ்சியிருப்பது உடன் செல்லும் ஒரு துணை. மாதத்தில் ஒரு சனிக்கிழமையைப் பெரியவர்களின் அனுமதியோடு இதற்கென ஒதுக்குவோம். அடுத்த மலர் வெளிவருமுன் எங்கள் தெரு அக்கா கடலைக் காண வேண்டும்.