கொட்டகையில் ஒரு பழைய கார்

வேலையின் நிமித்தம் கலிபோர்னியாவில் வாழ்ந்த காலத்தில், ஓடாத கார் ஒன்றை நான் விலை கொடுத்து வாங்கினேன். மோட்டார்த் தொழில் அறிந்தவனா என்றால் அதுவும் இல்லை. கணக்குப் புத்தகங்களோடு காலம் கழித்தவன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்பது. இரண்டாவது கேள்வியை அவள் கேட்கவில்லை; பார்வையிலேயே இருந்தது.

அது 1972-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட டாட்ஸன் 240-இஸட். ஜப்பானில் நிஸான் நிறுவனம் 1969-ஆம் ஆண்டின் இறுதியில் 'ஃபேர்லேடி இஸட்' என்ற பெயரில் வெளியிட்ட பந்தயத் தோற்றமுள்ள இருவர் காரின் ஏற்றுமதி வடிவம் இது. அமெரிக்காவில் நிஸானின் விற்பனைக்குத் தலைமை வகித்த யுடாகா கத்தயாமாவுக்கு 'ஃபேர்லேடி' என்ற பெயர் பிடிக்கவில்லை. ஆகவே அந்நாட்டில் எண்ணே பெயராயிற்று. 240 என்பது 2.4 லிட்டர் இஞ்சினைக் குறிப்பது. சரியாகச் சொன்னால் 2,393 கன சென்டிமீட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். விலை 3,526 டாலர். ஐரோப்பியக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அது எத்தகைய செய்தியாக இருந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். கிழக்கு ஆப்பிரிக்காவின் கடுமையான சஃபாரி பந்தயத்தில் 1971-இலும் 1973-இலும் வென்றது இக்காரே. 1973-இல் அதை ஓட்டி வென்ற ஷேகர் மேத்தா, ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்.

ஆனால், பந்தயத்தில் வென்ற பெருமை துருவைத் தடுக்காது.

பழைய லாரிகளுக்கு அடியில் இரும்புச் சட்டம் ஒன்று தனியே உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். இந்தக் காருக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தளம், பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்தத் தகட்டுக் கூடே எடையைத் தாங்குகிறது. எனவே தளத்தில் ஓட்டை விழுந்தால் அது காலில் மழைநீர் படும் தொல்லையோடு நிற்பதன்று. வண்டியின் எலும்பிலேயே நோய் என்று பொருள். துரு எங்கெங்கே பிடிக்கும் என்பதும் ஏறக்குறைய நிச்சயம். பேட்டரி வைக்கும் தட்டு முதலாவது. அதிலிருந்து கசியும் அமிலம் கீழே உள்ள தாங்கு தண்டை அரிக்கும். முன் கண்ணாடிக்குக் கீழேயுள்ள நீர்வழியில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால், வெளியே போகவேண்டிய நீர் உள்ளே தேங்கும். பின் சக்கரத்துக்கு முன்னால், கதவு முடியும் இடத்தின் கீழ்மூலை மற்றொன்று.

வெளித்தோற்றத்தை நம்பலாகாது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுதும் நகர்த்திப் பார்த்தேன். ஒட்டாத இடங்களிலெல்லாம் இரும்பு இல்லை. வர்ணத்துக்குக் கீழே பட்டி பூசியிருந்தார்கள். தளத்தின் மேல் ஓசையை அடக்குவதற்காகத் தார்ப்பாய் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும்; அதற்குக் கீழேதான் உண்மை. உளியால் சுரண்டினால் நாளெல்லாம் போகும். உறைந்த கரியமில வாயுக் கட்டிகளை, அதாவது டிரை ஐஸை, அதன்மேல் பரப்பிச் சிறிது நேரம் விட்டால், பூஜ்யத்துக்குக் கீழ் 78 டிகிரிக் குளிரில் தார் கண்ணாடி போல் நொறுங்குகிறது. சுத்தியலால் தட்டினால் பாளம் பாளமாக வந்துவிடும். கைக்குக் கனத்த உறையும், கொட்டகைக் கதவுகள் விரியத் திறந்திருப்பதும் அவசியம். கட்டி கரையாது, வாயுவாகவே மாறித் தரையோடு படிந்து நிற்கும்.

பாய் அகன்றதும், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே என் கொட்டகையின் சிமெண்டுத் தரை தெரிந்தது.

துருப்பிடித்ததை வெட்டி எறிவதற்கு முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பிகளை வைத்து முட்டுக் கொடுக்கவேண்டும். தளத்தை வெட்டியதும் கூடு சற்றே தொய்ந்துவிடுமானால், பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. தாங்கு தண்டுகளைப் பற்றவைக்கும் வேலையைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் விட்டேன்; அதற்காக வெட்கப்படவில்லை. மற்றவற்றை நானே செய்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நுழைக்கக் கூடாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இரும்பு முக்காலிகள் இல்லாத நாளில் கீழே படுக்காமலிருப்பதே நலம்.

உடல் தேறிய பின் இஞ்சினுக்கு வந்தேன். வால்வு இடைவெளிகளை, இஞ்சின் சூடாக இருக்கையில், உள்வாங்கும் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு 0.30 மில்லிமீட்டர் என்று வைத்தேன். பிளக்குகளை மாற்றினேன். இஞ்சின் உயிர் பெற்றது. நின்ற இடத்தில் கடிகாரம் போல் ஓடியது. ஆனால் சாலையில் சீரான நடுத்தர வேகத்தில் செல்லும்போது திக்கித் திக்கி இழுத்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வார்களே, அதுதான்.

கார்புரேட்டர்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். இவ்வண்டியில் அவை இரண்டு. ஒவ்வொன்றிலும் கும்பா போன்ற மூடிக்குள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்கி, ஊசியொன்றைத் துளையிலிருந்து உயர்த்தி, காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலை விடுகிறது. மேலே சிறிது எண்ணெய் ஊற்றவேண்டும். அது குறைந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி எழுந்து, கலவை மெலிந்து, வண்டி தயங்கும். எண்ணெய் ஊற்றினேன், ஊசிகளை மாற்றினேன், மிதவைகளை அளந்தேன், இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்று வாங்குகின்றனவா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்து அவற்றின் சீறலை ஒப்பிட்டேன். நான்கு வாரங்களும் நல்ல தொகையும் சென்றன. குறை இருந்த இடத்திலேயே இருந்தது.

அண்டை வீட்டில், விமானங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அவர் வந்து பானெட்டைத் திறக்கவேயில்லை. "நின்றிருக்கும்போது திக்குகிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "முழுதும் மிதித்தால்?" சற்று யோசித்தேன். முழுதும் மிதித்தால் திக்குவதில்லை. அம்பு போல் பாய்கிறது. "அப்படியானால் பெட்ரோல் குறைவன்று. பெட்ரோல் குறைந்தால் அதிகம் கேட்கும்போதல்லவா திண்டாடவேண்டும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்கு வாரங்களில் எனக்கு நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. பாதி மிதித்த நிலையில் மட்டும் வண்டியில் என்ன நடக்கிறது? அப்போது சிலிண்டருக்குள் செல்லும் கலவை குறைவு, மெதுவாக எரியும். ஆகையால் மின்பொறியைச் சற்று முன்னதாகவே எழுப்பவேண்டும். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு சிறு டப்பி இருக்கிறது. கார்புரேட்டரிலிருந்து வரும் குழாயின் வெற்றிட இழுப்பு அதிலுள்ள சவ்வை இழுக்க, பாயிண்டுகள் அமர்ந்துள்ள தட்டு சில டிகிரி திரும்பும். நின்றிருக்கும்போது அந்தக் குழாயில் இழுப்பு இல்லை. முழுதும் மிதித்தாலும் இழுப்பு அற்றுப்போகும். இடையில் மட்டுமே தட்டு திரும்புகிறது.

குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு திருகாணியால் அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். திக்கல் மறைந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுத்து, பாயிண்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பியை விரலால் வளைத்தபோது, மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருப்பது தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளாகத் தட்டு திரும்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து நைந்த கம்பி. தட்டு அசையாதபோது அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, அசைந்தால் விலகின. விரல் நீளக் கம்பியை மாற்ற கால் மணி நேரம் ஆயிற்று. மிதவைகளையும் ஊசிகளையும் மறுபடி சரிப்படுத்த ஒரு சனிக்கிழமை முழுதும் ஆயிற்று; அவற்றைக் கெடுத்தவன் நான்.

முகப்பு விளக்குகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இக்காரில் விளக்குகளின் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் தண்டிலுள்ள ஸ்விட்ச் வழியாகவே ஓடுகிறது. தொடுமுனைகள் கறுத்தால் தடை ஏறும். தடை ஏறினால் சூடு ஏறும். ஸ்விட்சும் பியூஸ் பெட்டியும் உருகத் தொடங்கும். ரிலேக்களைப் பொருத்திச் சுமையைக் குறைத்தேன். ஒளியும் கூடியது.

இனிச் சொல்லவிருப்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கும். வண்டி நன்றாக ஓடத் தொடங்கிய பின், பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் சென்றேன். ஒரு மணி நேரத்தில், "அப்பா, தலை வலிக்கிறது" என்றாள். வெயில் என்று எண்ணி, காற்று வரட்டும் என்று கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். வலி அதிகமாயிற்று; குமட்டல் வந்தது. எனக்கும் நெற்றி கனத்தது. வண்டியை நிறுத்தி இருவரும் வெளியே புல்லில் உட்கார்ந்த பிறகே தெளிவு பிறந்தது.

பின்புறம் சரிந்து முடியும் இவ்வகைக் கார்கள் ஓடும்போது, வாலுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகிறது. புகைக்குழாய் விடும் புகை அங்கேயே சுழன்று நிற்கும். பின் கதவின் ரப்பர் பட்டை இறுகிப்போயிருந்தால் இடுக்கு வழியே அது உள்ளே வரும். பக்கக் கண்ணாடிகளைத் திறந்தால் உள்ளிருக்கும் காற்று அவ்வழியே வெளியே இழுக்கப்பட, அந்த இடத்தை நிரப்பப் பின்னாலிருந்து இன்னும் அதிகப் புகை நுழையும். மகளுக்குக் காற்று வேண்டுமென்று நான் செய்த காரியமே விஷத்தை உள்ளே இழுத்தது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லை; இரத்தத்தின் செம்பொருளோடு அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்ந்துவிடும். பெட்ரோல் வாடை அடித்தால் மனிதன் எச்சரிக்கையாவான். இதுவோ தூக்கம் வருவது போல் வரும்.

அன்றிரவு காரினுள் பளிச்சென்ற விளக்கொன்றை வைத்து, கொட்டகையை இருட்டாக்கி, வெளியே நின்று பார்த்தேன். பின் கதவைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாக ஒளி கசிந்தது. பின் விளக்குகளைச் சுற்றியும், கம்பிகள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் உதிர்ந்த இடத்திலும் அப்படியே. இத்தனை மாதங்கள் இஞ்சினை ஆராய்ந்தவன், பத்து நிமிஷத்தில் செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யவில்லை. பட்டை, கேஸ்கெட், வளையம் அனைத்தையும் புதிதாக்கினேன். கதவை ஒரு துண்டுக் காகிதத்தின்மேல் சாத்தி இழுத்துப் பார்த்து, எங்கும் பற்றிக்கொள்கிறதென்று உறுதி செய்தேன். புகைக்குழாயின் நுனியைப் பின்புறத்துக்கு அப்பால் நீட்டினேன். எண் காட்டி ஒலிக்கும் கார்பன் மோனாக்ஸைடு உணர்கருவி ஒன்றை இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். முதலில் தனியாக இரண்டு மணி நேரம், கண்ணாடிகளை இறக்கியும் ஏற்றியும் ஓட்டினேன். கருவி பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. அதன் பிறகும் ஒரு மாதம் வரை மகளை ஏற்றவில்லை. பிறகு அவளே வந்து கருவியைப் படித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அந்தக் காரில் நான் தொடாத பொருள் ஒன்று உண்டு. முகப்புப் பலகையின் நடுவிலுள்ள கடிகாரம். இம்மாதிரிக் கார்களில் முதலில் நின்றுபோவது அதுவே என்பார்கள். என்னுடையது நாலேகாலில் நின்றிருந்தது; நான் அதைக் கழற்றவில்லை.