மிஞ்சிய இணையத்தை விற்கலாமா?

கூரையிலே சூரியத் தகடு பொருத்திய அன்பர்கள் எம்மிடையே பலர் உளர். வீட்டாரெல்லாம் வேலைக்கும் பாடசாலைக்கும் சென்றுவிட்ட நண்பகல் வேளையில், அத்தகடு பிறப்பிக்கும் மின்சாரத்தை உபயோகிக்க வீட்டில் ஆளில்லை. மிஞ்சியது பொதுக் கம்பி வழியே வெளியேறி, மின்கட்டணச் சிட்டையிலே ஒரு சிறு கழிவாகத் திரும்பி வருகின்றது. நியூ சவுத் வேல்ஸ் அரசு 2010 ஆம் ஆண்டு ஆரம்பித்த திட்டத்தில், பிறப்பித்த ஒவ்வோர் அலகுக்கும் 60 சதம் கொடுக்கப்பட்டது. விண்ணப்பங்கள் வெள்ளமெனக் குவியவே, அதே ஆண்டு ஒக்டோபரில் புதிதாய்ச் சேர்ந்தோருக்கு அது 20 சதமாயிற்று. 2016 டிசெம்பர் 31 உடன் திட்டமே முடிவுற்றது. இந்தக் கணக்கை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. ஏனெனில், மிஞ்சியதை விற்கும் இதே எண்ணம் இப்பொழுது இணையத்தையும் பற்றிக்கொண்டுள்ளது.

ஹோம்புஷிலே ஒரு வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு, ஒரு நாளின் பெரும்பகுதி உறங்கியே கிடக்கின்றது. மாதக் கட்டணமோ உறங்கும் நேரத்துக்கும் சேர்த்தே அறவிடப்படுகின்றது. அந்த உறங்கும் கொள்ளளவைப் பிறருக்குக் கொடுத்தால் என்ன? கொடுத்தவருக்குக் கூலி தந்தால் என்ன? இவ்வினாக்களிலிருந்து பிறந்தவையே பரவலாக்கப்பட்ட வலையமைப்புகள். இவற்றிலே தனியொரு நிறுவனம் கோபுரமும் கட்டடமும் எழுப்புவதில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளில் உள்ள சிறு கருவிகளே ஒன்றுசேர்ந்து வலையமைப்பாகின்றன. யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு பல கணனிகளிலே ஒருங்கே பதியப்படுகின்றது; கூலி பெரும்பாலும் எண்ணிம நாணயமாகக் கிடைக்கின்றது.

எண்ணம் புதியதன்று. 2005 ஆம் ஆண்டு மட்ரிட் நகரிலே ஆரம்பிக்கப்பட்ட ஃபொன் என்னும் நிறுவனம், தம் வீட்டு வைஃபையைப் பகிர்ந்தோரை இரு வகையாக்கியது. இலவசமாய்க் கொடுத்தோர் உலகெங்கும் இலவசமாய்ப் பெற்றனர். பணம் வேண்டுமென்றோர் வருமானத்திலே பங்கு பெற்றனர். இந்த ஃபொன்னுடன் கைகோத்தே எமது டெல்ஸ்ட்ரா, 2014 இல் 100 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட முதலீட்டை அறிவித்து, 2015 இல் டெல்ஸ்ட்ரா ஏர் சேவையைத் தொடங்கியது. தம் இணைப்பில் ஒரு பகுதியைப் பகிர்ந்தவர், வெளியே செல்லும்போது பிறருடைய பகுதியைப் பாவிக்க முடிந்தது. இங்கே கூலி காசன்று, பண்டமாற்று. எம் ஊரிலே ஒருவர் வயலுக்கு மற்றவர் உழைத்துக் கடன் தீர்த்த வழக்கத்தை இது நினைவூட்டுகின்றது. வீட்டாரின் வலையமைப்பும் விருந்தினரின் வலையமைப்பும் அதில் தனித்தனியே பிரிக்கப்பட்டிருந்தன என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

நாணயக் கூலியின் கதை வேறு. அமெரிக்காவிலே 2013 இல் தோன்றிய ஹீலியம் நிறுவனம், 2019 முதல் வீட்டு யன்னலில் வைக்கும் கருவிகளை விற்றது. அதன் நிறுவகர்களுள் ஒருவர், 1999 இல் நாப்ஸ்டரை உருவாக்கிய ஷோன் ஃபானிங். கருவியை வைத்தவருக்கு ஹீலியம் நாணயம் கிடைத்தது. 2021 நவம்பரில் ஒரு நாணயம் ஏறத்தாழ 55 அமெரிக்க டொலர்வரை ஏறியது. 2022 முடிவதற்குள் மூன்று டொலருக்கும் கீழே இறங்கியது. கருவிக்கு நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்துப் பிந்திச் சேர்ந்தோர் முதலை மீட்பதே அரிதாயிற்று. சூரியத் தகட்டின் 60 சதமும் 20 சதமும் போன்றதே இதுவும்: முந்தியவருக்கு விருந்து, பிந்தியவருக்கு மிச்சம்.

ஆயினும், பண நட்டத்தைவிடப் பெரியதொரு வேறுபாடு உண்டு. எம் கூரையிலிருந்து வெளியேறும் மின்சாரத்திலே எம் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. இணையமோ அப்படியன்று. எம் இணைப்பின் வழியே யார் எதைச் செய்தாலும், மறுமுனையிலே பதிவாவது எமது ஐ.பி. முகவரியே. கணனியிலோ கைத்தொலைபேசியிலோ நிறுவினால் ஒரு ஜிகாபைட்டுக்குச் சில சதங்கள் தருவதாகக் கூறும் செயலிகள் உண்மையில் விற்பது, கொள்ளளவையன்று, அந்த முகவரியையே. வாங்குவோரிற் பலர் விலைவாசியை ஒப்பிடும் வணிகரும், செயற்கை அறிவுக்குத் தரவு திரட்டுவோருமாவர். ஆனால் எல்லோரும் அப்படியல்லர். 911 எஸ்5 என்ற வலையமைப்பு, இலவச வி.பி.என். செயலிகளுக்குள் ஒளிந்து வீட்டுக் கணனிகளைப் பிடித்து, ஏறத்தாழ 190 நாடுகளிலே 1 கோடி 90 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டதாக அமெரிக்க நீதித் திணைக்களம் 2024 மே மாதத்திலே அறிவித்தது. கொரோனாக் கால நிவாரண நிதியில் இதன் வழியே நடந்த மோசடி மட்டும் 590 கோடி டொலர் என மதிப்பிடப்பட்டது. அக்கணனிகளின் சொந்தக்காரருக்கு இவை ஏதும் தெரியாது.

இந்தியாவிலே 2020 டிசெம்பரில் அமைச்சரவை அங்கீகரித்த பி.எம். வாணி திட்டம் இச்சிக்கலை வேறு விதமாய் அணுகுகின்றது. தேநீர்க்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றித் தம் இணைப்பை வைஃபையாக விற்கலாம். வருபவரோ பதிவு செய்யப்பட்ட செயலி மூலம் தம்மை அடையாளங் காட்டிய பின்னரே உட்புகலாம். தமிழகத்துச் சந்திகளில் முன்பு நின்ற எஸ்.ரி.டி. தொலைபேசிக் கூண்டுகளின் வாரிசென இதனைக் கருதலாம். யார் பேசினார் என்ற கேள்விக்கு விடை இருப்பதாலேயே எமக்கு இம்முறை பிடித்திருக்கின்றது.

பெற்றோருக்கு இரண்டு செய்திகள். கைச்செலவுக் காசுக்காகப் பிள்ளைகள் இத்தகைய செயலியை நிறுவியிருக்கக் கூடும், விசாரிப்பது நன்று. பல இணைய ஒப்பந்தங்கள் மறுவிற்பனையைத் தடைசெய்கின்றன என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். மற்றையது, எம்மவர் வீடுகளிலே தமிழ்த் தொலைக்காட்சிக்கென மலிவாய் வாங்கி வைக்கும் அண்ட்ரொயிட் பெட்டிகள் பற்றியது. பெயரறியா நிறுவனங்களின் இத்தகைய பெட்டிகள் சில, விற்பனைக்கு வருமுன்னரே கள்ள மென்பொருள் ஏற்றப்பட்டு, வீட்டு இணைப்பை அந்நியருக்குத் திறந்துவிடுவதாக அமெரிக்க எஃப்.பி.ஐ. 2025 ஜூன் மாதத்தில் எச்சரித்தது. அங்கே கூலிகூடக் கிடையாது. பெட்டியை விட மனமில்லாதோர், ரவுட்டரிலே விருந்தினர் வலையமைப்பு ஒன்றைத் திறந்து அதிலே இணைத்தால், வீட்டுக் கணனிகளாவது அதனிடமிருந்து விலகி நிற்கும். முகவரி மட்டும் அப்பொழுதும் எம்முடையதே.