விண்டோஸை எப்போது மாற்றுவது?



நமது கடைகளில் பேரேடும் சிட்டாவும் இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. பில், சரக்கிருப்பு, பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அதற்குள்தான். அந்தக் கம்ப்யூட்டரை இயக்குவது விண்டோஸ். கடைக்குக் கட்டடமும் கதவும் பூட்டும் எப்படியோ, நாம் பில் போடும் புரோகிராமுக்கு விண்டோஸ் அப்படி. கட்டடத்தை மாற்றினால் உள்ளே இருக்கும் சரக்கும் இடம் மாற வேண்டும் அல்லவா? ஆகவே இதில் அவசரமும் கூடாது, அலட்சியமும் கூடாது.

அவசரத்தால் வந்த வினையை நமது அனுபவத்திலிருந்தே கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், இலவசமாகக் கிடைக்கிறதே என்று புதிய பதிப்பை ஏற்றினோம். பில் புரோகிராம் திறந்தது. ஆனால் மூன்று பிரதி எடுக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அசையவில்லை. இரண்டு நாள் கையால் பில் எழுதினோம். அந்த நெரிசலில் சில பில்கள் கணக்கில் ஏறவே இல்லை. தை மாதம் பாக்கி வசூலுக்குப் போனபோது ஒரு சில்லறை வியாபாரி, "அண்ணாச்சி, என் கணக்கில் இரண்டு மூட்டை துவரம் பருப்பு விட்டுப் போயிருக்கிறதே" என்று தாமே சொன்னார். அவர் நாணயஸ்தர், தப்பித்தோம். சொல்லாமல் விட்டவர் எத்தனை பேரோ! தவறு நம்முடையதே.

அலட்சியத்தால் வரும் கேடு இதைவிடப் பெரிது. விண்டோஸில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் அனுப்புகிறது. 2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற நச்சு நிரல் பரவத் தொடங்கி, ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் இருந்த கணக்குகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதற்கான திருத்தமோ அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியாகிவிட்டது. அதை ஏற்றியிருந்தவர்கள் தப்பினார்கள், ஏற்றாதவர்கள் அகப்பட்டார்கள்.

இந்தத் திருத்தங்கள் என்றைக்கும் வருவதில்லை. தராசு முத்திரைக்குக் கெடு இருப்பதுபோல விண்டோஸ் பதிப்புக்கும் ஒரு கெடு உண்டு. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 என்று கெடு முடிந்துவிட்டது. கெடு முடிந்த மறுநாளும் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் பூட்டு பழுதானால் சரிசெய்ய ஆள் வரமாட்டார். விண்டோஸ் 10 வைத்திருப்போர் நிறுவனங்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களைக் கட்டணம் செலுத்தி, கெடுவுக்குப் பின் மூன்று ஆண்டுகள் வரை பெற வழி செய்யப்பட்டது. அது கால அவகாசமே தவிர, நிரந்தரத் தீர்வு அல்ல.

ஆகவே மாற்றும் காலத்தை முடிவு செய்ய நாம் பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, கெடு. நமது பதிப்புக்குக் கெடு எந்த நாள் என்று அறிந்து, அதற்கு ஆறு மாதம் முன்பே ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும். புதிய பதிப்பு வந்த முதல் மாதமே ஓட வேண்டியதில்லை.

இரண்டு, கம்ப்யூட்டரின் தகுதி. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு, ஏற்கப்பட்ட பிராசஸர் ஆகியவை வேண்டும். 2018-க்கு முன் வாங்கியவை பல இதில் தேறுவதில்லை. தேறாவிட்டால் புதிய கம்ப்யூட்டருக்கு இப்போதே பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டைத் துண்டித்துப் பில்லுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி, ஜி.எஸ்.டி. வேலைகளை வேறொன்றில் செய்வது நல்லது.

மூன்று, நமது புரோகிராமும் சாதனங்களும். பில் புரோகிராம், பிரிண்டர், பார்கோடு கருவி, எடை இயந்திரம் ஒவ்வொன்றும் புதிய பதிப்பில் ஓடுமா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பழைய ஆண்டுக் கணக்கும் திறக்க வேண்டும். ஏனெனில் ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அதிகாரி கேட்கும்போது 'பழைய கம்ப்யூட்டரில் இருந்தது' என்று சொல்லித் தப்ப முடியாது.

நான்கு, நாள். மார்ச், ஏப்ரல் ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம். தீபாவளி, பொங்கல் வியாபாரக் காலம். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம் நமக்கு உகந்தது. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வோருக்கு 20-ஆம் தேதியோடு அந்த வேலை முடிகிறது. மாதச் சாமான் வாங்குவோரும் சம்பள நாளுக்குப் பிறகே வருவார்கள். ஆகவே 20-ஆம் தேதிக்குப் பின் வரும் விடுமுறை நாள் மிகவும் பொருத்தம்.

எந்த நாளானாலும், முதலில் கணக்கை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை வீட்டில் வையுங்கள். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் பாக்கி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கம்ப்யூட்டர் உள்ளவர்கள் கல்லாவில் இல்லாததை முதலில் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடலாம். கைப்பில் புத்தகம் ஒன்றும் மேசையில் இருக்கட்டும். எழுதிய பில்லை அன்றே கணக்கில் ஏற்றிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். பாக்கிக் கணக்கு போனால் பணம் மட்டுமல்ல, தலைமுறையாகக் காத்த நம்பிக்கையும் போய்விடும். உங்கள் விண்டோஸ் எந்தப் பதிப்பு, அதன் கெடு என்று என்பதை இன்று மாலை கடை அடைப்பதற்கு முன் பார்த்து, நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.