வீட்டை இழுத்துச் செல்வோர்

‘வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்’ என்பது நம்மவர் பழமொழி. கனடாவிலே வன்கூவர் நகருக்கு அணித்தாக வதியும் எம் மைத்துனர் இவ்விரண்டையும் செய்து முடித்துவிட்டு, மூன்றாவதாக வீட்டை இழுத்துப் பார்க்கவும் துணிந்தார். 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நாம் குடும்பத்துடன் அவர் இல்லம் சென்றிருந்தபோது, அத்துணிவின் பயனை நாமும் அநுபவிக்க நேர்ந்தது.

ஆங்கிலேயர் ‘கரவன்’ என்றும், வட அமெரிக்கர் ‘ட்ராவல் ட்ரெயிலர்’ என்றும் அழைக்கும் இந்த இழுவை வீட்டைப் படங்களிலே கண்டிருப்பீர்கள். கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, மலசலகூடம் யாவும் அடங்கிய பெட்டி ஒன்றைச் சில்லுகளின்மேல் ஏற்றி மோட்டார் வண்டியின் பின்னே கொளுவிச் செல்வதே இதன் இலட்சணம். இவ்வழக்கம் மோட்டாருக்கும் மூத்தது. பிரித்தானியக் கடற்படை வைத்தியராயிருந்த கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பார் 1885 ஆம் ஆண்டில் ‘வாண்டரர்’ என்னும் வண்டி வீட்டைச் செய்வித்து, இரு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்து வரை பிரயாணம் செய்தார். எதிரே வருவோரை எச்சரிப்பதற்காக அவருடைய ஏவலாள் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே செல்வானாம். அத்தகைய ஏவலாள் ஒருவன் எமக்கும் வாய்த்திருக்கலாகாதா என்று நாம் ஏங்கிய வேளையும் பின்னர் வந்தது.

மைத்துனர் இதனை வாங்கியது ஆடம்பரத்துக்காக அன்று. எழுபத்தெட்டு வயதான எம் மாமியாரால் கூடாரத்திலே குனிந்து நுழைந்து நிலத்தில் படுக்க இயலாது. அவரை விட்டுவிட்டுச் செல்லப் பிள்ளைகளுக்கு மனமில்லை. ஆகவே பாட்டியாருக்குக் கட்டிலோடு கூடிய வீடே உடன்வர வேண்டுமென முடிவாயிற்று.

இழுக்கும் வண்டியோ பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்தியங்கும் ‘ஹைபிரிட்’ இனத்தது. பிரியஸ், அக்குவா முதலியன ஓடித்திரியும் நம் நாட்டில் அவ்வினத்தை அறியாதார் இல்லை. ஆனால் அவை பாரம் இழுப்பதை நாம் காண்பதில்லை. டொயோட்டா வகுத்த முறையிலே, நடுவே ஒரு சூரியச் சில்லும் அதனைச் சுற்றிக் கோட்சில்லுகளுமாக அமைந்த பற்சில்லுத் தொகுதி ஒன்று உண்டு. எஞ்சினின் வலுவையும் இரு மின்மோட்டார்களின் வலுவையும் இத்தொகுதியே பிரித்தும் கூட்டியும் சில்லுகளுக்கு அளிக்கும். வேகத்தைத் தணிக்கும்போது வீணாகும் சக்தி மின்சாரமாகி மின்கலத்துக்குத் திரும்பும். நின்று நின்று செல்லும் நகர வீதிக்கு இதனை விஞ்சிய சிக்கனம் அரிது. தொடக்க இழுவையிலும் மின்மோட்டாரின் வலிமை போற்றத்தக்கதே.

ஆயினும் நெடுமலை ஏறுவது வேறு காரியம். ‘ஹோப்’ என்னும் ஊரிலிருந்து கொக்விஹல்லா நெடுஞ்சாலை மேலே கிளம்புகிறது. நம்பிக்கை என்று பொருள்படும் அப்பெயர் பிரயாணிகளுக்கு முன்கூட்டியே சொல்லும் ஆறுதல் போலும்! கடல் மட்டத்துக்குச் சற்று மேலே கிடக்கும் அவ்வூரிலிருந்து சாலை 1,244 மீற்றர் உயரமான கணவாய்க்கு ஏறுகிறது. வண்டியும் வீடும் ஆட்களும் சேர்ந்து ஏறத்தாழ 3,600 கிலோகிராம். இதனை 1,200 மீற்றர் உயர்த்துவதற்கு மாத்திரம் 12 அலகு மின்சாரத்துக்கு ஈடான சக்தி வேண்டுமென்பதை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனே கணக்கிட்டுச் சொல்வான். எம் மைத்துனருடைய வண்டியின் மின்கலம் கொள்வதோ 2 அலகுக்கும் குறைவு. அதிலும் ஒரு பகுதியே பயனுக்கு வரும். அடிவாரத்தில் உதவிய மின்சாரம் சில நிமிடங்களில் களைத்துப்போக, எஞ்சிய மலை முழுவதையும் நான்கு உருளை எஞ்சின் ஒன்றே சுமந்தது. நூற்றுக்கு எட்டு என்னும் சரிவுள்ள இடங்களில் அது ஒரே சுருதியில் ஓலமிட்டவாறிருந்தது. மாமியார் திருநீற்றைப் பூசிக்கொண்டார்.

இக்காரணம் பற்றியே உற்பத்தியாளர் இழுவைக்கு எல்லை வகுக்கின்றனர். 2020 ஆம் ஆண்டு மாதிரியான டொயோட்டா ஹைலாண்டரை எடுத்துக்கொண்டால், ஆறு உருளைப் பெற்றோல் வண்டி 5,000 இறாத்தல் வரை இழுக்கலாம். உருவத்தில் ஒன்றேயான ஹைபிரிட் வண்டிக்கு எல்லை 3,500 இறாத்தல். இழுவை வீட்டை விற்றவர் இவ்வேறுபாட்டை எடுத்துரைக்கவில்லை. வெறும் வீட்டின் நிறையைக் காட்டி, ‘தாராளமாக இழுக்கும்’ என்றாராம். வெறும் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? நீரும் பாத்திரமும் அரிசியும் போர்வையும் ஏறியபோது அது 1,400 கிலோகிராமாயிற்று. அதாவது 3,100 இறாத்தலுக்கு அண்மை. எல்லைக்குள் அடங்கிவிட்டதென மைத்துனர் மகிழ்ந்தார். நிறையைப் பார்த்தாரேயன்றி, நிறை எங்கே இருக்கிறதென்பதைப் பார்த்தாரில்லை.

கணவாயைக் கடந்து மெரிற் என்னும் ஊரை நோக்கி இறங்கும்போதுதான் அது நிகழ்ந்தது. சிறிய மின்கலம் நிரம்பிவிட்டதனால் மின்தடுப்பு ஓய்ந்துபோயிற்று. எஞ்சின் வெறுமனே சுழன்று வேகத்தை அடக்க முயன்றது. நாம் மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்றுகொண்டிருந்தோம். நெடிய லொறி ஒன்று எம்மைக் கடந்தது. அதன் காற்று தாக்கவே பின்னால் வந்த வீடு மெல்ல அசைந்தது. அடுத்த அசைவு பெரிதாயிற்று. மூன்றாவது அசைவிலே எம் வண்டியின் பின்புறத்தையே இழுத்துத் தள்ளியது. கண்ணாடியில் வீட்டின் ஒரு பக்கம் தெரிந்தது; மறுகணம் மறுபக்கம் தெரிந்தது. நாம் ஏதோ கூவினோம். “அத்தான், சற்றுப் பேசாதிருங்கள்” என்றார் மைத்துனர். அவர் முகம் வெளுத்திருந்தது. பின் ஆசனத்தில் மூன்று பிள்ளைகள்.

அவ்வேளையில் வண்டியின் பிறேக்கை மிதித்திருப்பாரேல் வீடு எம்மை முந்த முயன்று கவிழ்ந்திருக்கும். அவர் மிதித்தாரில்லை. சுக்கானை நேரே பற்றிக்கொண்டு, பெற்றோலை விட்டு, இழுவை வீட்டின் மின்பிறேக்கை மட்டும் தனியே இயக்கும் சிறு பிடியைக் கையால் அழுத்தினார். பின்னிருந்து யாரோ பிடித்து நிறுத்தினாற்போல வீடு இழுபட்டு நேராயிற்று. ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினோம். அவர் கை நடுங்கியதை நாம் காணாதது போலிருந்தோம்.

அன்று மாலை நிக்கோலா ஏரிக்கரையில் தங்கியபோது, அயலிலே தன் இழுவை வீட்டுடன் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் சிறிய நிறைப்பொறி ஒன்றைக் கொண்டுவந்து, கொளுவியின் கீழ் வைத்துப் பார்த்தார். 75 கிலோகிராம் காட்டியது. மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொளுவியின்மேல் அழுந்தவேண்டும். எமக்கு ஆறு பங்கும் இல்லை. பெரியவர் விளக்கத் தொடங்குமுன்னரே எமக்கு விளங்கிவிட்டது. நம் ஊர் வண்டிற்காரன் இதனை எந்நாளும் அறிவான். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் மிஞ்சினால் மாடு முழங்கால் மடியும். அவன் மூட்டைகளை ஏற்றியபின் நுகத்தடியைக் கையாலே தூக்கிப் பார்த்துத்தான் மாட்டைப் பூட்டுவான். சிறுவயதிலே அதனை எத்தனையோ முறை கண்டிருந்தும், காலையில் சாமான் ஏற்றும்போது எமக்கு அது நினைவில் எழாததை எண்ணி வெட்கினோம். பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் என்பதை அப்பெரியவரிடம் நாம் சொல்லவில்லை.

சோதனையிட்டபோது, வீட்டின் பின்சுவரில் மூன்று துவிச்சக்கர வண்டிகள்; அச்சுக்குப் பின்னேயுள்ள தொட்டியில் 110 லீற்றர் நீர்; கடைசி அலுமாரிக்குள் பழஞ்சேலையால் சுற்றப்பட்ட ஓர் அம்மிக்கல்! சம்பல் அரைப்பதற்கென மாமியார் எவரிடமும் சொல்லாமல் வைத்தது. ஏறத்தாழ 15 கிலோகிராம். மைத்துனர் கோபிக்க வாயெடுத்துப் பின் சிரித்துவிட்டார். தாயாரின் பொருட்டு வாங்கிய வீடல்லவா?

மூன்று நாட்களின் பின் திரும்பினோம். நீர்த்தொட்டி வெறுமையாக்கப்பட்டது, துவிச்சக்கர வண்டிகள் மோட்டாரின் கூரைக்குச் சென்றன. நிறைப்பொறி 149 காட்டியது. வேகம் எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. லொறிகள் கடந்தபோதும் வீடு சாதுவாகப் பின்தொடர்ந்தது. வீடின்றி நூறு கிலோமீற்றருக்கு 7 லீற்றர் குடிக்கும் அவ்வண்டி, வீட்டோடு 14 லீற்றர் குடித்தது. ஹைபிரிட்டின் சிக்கனம் காற்றோடு போயிற்றென மைத்துனர் முணுமுணுத்தார். வழியில் கணவாயிலே தேநீர் அருந்த நின்றபோது மாமியார் மட்டும் இறங்க மறுத்துவிட்டார். அம்மிக்கல் அவர் காலடியில், சேலைச் சுற்றோடு, பத்திரமாக இருந்தது.