சோலார் போடலாமா? விடை ஈபி கணக்கில் இருக்கிறது

கோடை மாதங்களின் மின் கட்டணம் வந்து சேரும் நேரத்தில்தான் சோலார் விற்பவர்களும் வீடு தேடி வருகிறார்கள். மாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூணு கிலோவாட் போட்டுடுங்க சார், அப்புறம் ஜீரோ பில்தான்" என்கிறார்கள். அரசு மானியம் தருகிறது, வங்கி கடன் தருகிறது, பக்கத்துத் தெருவில் ஒருவர் போட்டும்விட்டார். முடிவெடுக்க இவ்வளவு போதும் என்று தோன்றும். போதாது. ஒரு வீட்டில் மூன்றே ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். அடுத்த வீட்டில் ஒன்பது ஆண்டு இழுக்கும். இரண்டு மாடியிலும் அடிப்பது ஒரே வெயில்தான். வித்தியாசம் இரண்டு வீட்டின் மின் கணக்கில் இருக்கிறது.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் அமைப்பது இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மொத்த மானியம் 78,000 ரூபாயைத் தாண்டாது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்கள் மீதான ஜிஎஸ்டியும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இவ்வளவு இருந்தும் குஜராத், மகாராஷ்டிரம், கேரளம் அளவுக்குத் தமிழக வீடுகள் இதில் வேகம் காட்டவில்லை. நம் மக்களுக்கு ஆர்வம் குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இங்கே மின் கட்டணம் அமைந்திருக்கும் விதம் அப்படி.

உச்சியில் இருப்பதுதான் விலை கூடிய யூனிட்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு, 2022 செப்டம்பரில் நிர்ணயித்த கட்டணப்படி அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாய். 501க்கு மேல் 8 ரூபாய், 601க்கு மேல் 9 ரூபாய், 801க்கு மேல் 10 ரூபாய், 1,000ஐக் கடந்தால் 11 ரூபாய். அதன்பின் இந்த வீதங்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. கணக்கு புரிவதற்கு இந்த எண்களே போதும்.

500 யூனிட் ஓட்டிய வீட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 510 யூனிட் ஓட்டினால் 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல். நடுத்தரக் குடும்பங்களின் மாத வரவு செலவில் இந்த 500 என்ற கோடு எவ்வளவு பெரிய மேடு என்பதை ஏசி வாங்கிய முதல் கோடையிலேயே எல்லோரும் உணர்ந்திருப்பார்கள்.

வீடுகளுக்கு இங்கே 'நெட் மீட்டரிங்' முறை உண்டு. பகலில் பேனல் உற்பத்தி செய்வதில் வீடு பயன்படுத்தியது போக மீதி மின்வாரியத்தின் கம்பிக்குப் போகிறது. இரவில் நாம் அங்கிருந்து எடுக்கிறோம். போனதையும் வந்ததையும் இருவழி மீட்டர் கணக்கு வைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் கட்டணம். ஆகவே சோலார் தரும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் கணக்கில் உச்சியிலிருந்து கழிகிறது. முதலில் கழிவது 9 ரூபாய் யூனிட். பிறகு 8 ரூபாய், 6 ரூபாய் என்று இறங்கி, கடைசியில் கழிவது 2.25 ரூபாய் யூனிட். அதற்கும் கீழே இருக்கும் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அதைக் கழித்து ஒரு காசும் மிச்சமில்லை. சோலார் போடலாமா, எத்தனை கிலோவாட் போடலாம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இந்த இறங்குவரிசையில்தான் இருக்கிறது.

இரண்டு வீட்டின் கணக்கு

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குக்காகக் கிலோவாட்டுக்கு 65,000 ரூபாய் என்று வைப்போம்.

முதல் வீடு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓட்டுகிறது. கட்டணம் 675 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் நிகரக் கணக்கு 60 யூனிட்டுக்கு இறங்கி, கட்டணமே இல்லை. ஆண்டுக்கு மிச்சம் 4,050 ரூபாய். மானியம் போகக் கைப்பணம் 35,000 ரூபாய். அது திரும்ப எட்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். இதே வீட்டுக்கு 2 கிலோவாட் விற்பவர், அந்தக் குடும்பத்துக்கு நன்மை செய்யவில்லை.

இரண்டாவது வீடு 800 யூனிட் ஓட்டுகிறது. இரண்டு ஏசி, ஃப்ரிட்ஜ், மோட்டார், கீசர். கட்டணம் 4,550 ரூபாய். 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து 320 யூனிட்டுக்கு 765 ரூபாய் கட்டினால் போதும். ஆண்டு மிச்சம் 22,710 ரூபாய். கைப்பணம் 70,000 ரூபாய். மூன்று ஆண்டும் சொச்சமும் ஆனால் பணம் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் பேனல் உழைக்கும்.

அதே வீட்டில் 3 கிலோவாட் போட்டால்? 'ஜீரோ பில்' உண்மைதான். ஆனால் மூன்றாவது கிலோவாட்டுக்குத் தனியாக ஆகும் கைப்பணம் 47,000 ரூபாய். அது மட்டும் மிச்சம் பிடிப்பது ஆண்டுக்கு 4,590 ரூபாய். பத்து ஆண்டு ஆகும். முதல் இரண்டு கிலோவாட் விலையுயர்ந்த யூனிட்டுகளைக் கழித்துவிட்டதால் மூன்றாவதுக்கு மிஞ்சியது மலிவான யூனிட்டுகள் மட்டுமே. பூஜ்யம் என்ற எண் கண்ணுக்கு அழகு. குடும்பத்துக்கு லாபம் அதற்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. மின்சார வண்டி வாங்கப் போகிறோம், இன்னொரு ஏசி வரப்போகிறது என்றால் மட்டும் மூன்றாவதை யோசிக்கலாம்.

500ஐ ஒட்டி நிற்கும் வீடுகள் சோலாருக்கு முன்னால் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்க்க வேண்டும். பழைய ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும்; பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள் முடித்துவிடும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் 4 ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 130 யூனிட் வரை குறையும். 620 யூனிட் ஓட்டும் வீடு 490க்கு வந்துவிடும். கட்டணம் 2,930 ரூபாயிலிருந்து 1,665 ரூபாய்க்கு இறங்கும். ஒரு ஃபேன் 3,000 ரூபாய் என்றாலும் இரண்டு ஆண்டுக்குள் பணம் திரும்பும். எந்தச் சோலாரும் இந்த வேகத்தில் திருப்பித் தராது.

மாடி என்ன சொல்கிறது?

கணக்கு ஒத்துவந்த பிறகுதான் மாடிக்கு ஏற வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். பேனல் தெற்கு நோக்கி, சென்னை போன்ற இடத்தில் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில் இருப்பது நல்லது. காலை 9 முதல் மாலை 4 வரை தண்ணீர்த் தொட்டி, தென்னை, பக்கத்து அடுக்குமாடி ஆகியவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பேனல்களை வரிசையாக இணைத்திருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும். ஆடியில் ஒரு பக்கம் விழும் நிழல் மார்கழியில் வேறு பக்கம் நீண்டு கிடக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வெயில் கொளுத்தினால் உற்பத்தி கொட்டும் என்று நினைப்பது இயல்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டியபின் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். அதனால்தான் தரையோடு ஒட்டாமல், கீழே காற்று ஓடும்படி உயர்த்திக் கட்டுகிறார்கள். அப்படி உயர்த்தினால் துணி காயப்போடவும் வடகம் காயவைக்கவும் இடம் மிஞ்சும்.

உயர்த்திக் கட்டும்போது காற்றை மறக்கக்கூடாது. 2016இல் சென்னையை வர்தாவும் 2018இல் டெல்டாவைக் கஜாவும் புரட்டிப்போட்டதைப் பார்த்தவர்கள் நாம். இந்தியத் தர விதிகள் சென்னைக்குக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். பேனலைத் தாங்கும் சட்டம் அதற்குத் தாங்குமா, கால்கள் தளத்தில் எப்படிப் பொருத்தப்படுகின்றன, துளையிட்ட இடத்தில் நீர்க்கசிவு வராமல் என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கடலோர ஊர் என்றால் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு கட்டாயம். ஐந்து ஆண்டில் மேலே இன்னொரு தளம் எழுப்பும் எண்ணம் இருந்தால், அதை முடித்துவிட்டுச் சோலாரைப் பற்றி யோசிப்பது நல்லது.

கரன்ட் போனால்?

பலர் ஏமாந்துபோவது இங்கேதான். மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண 'ஆன்-கிரிட்' அமைப்பு, கரன்ட் போன அடுத்த கணமே தானும் நின்றுவிடும். நண்பகல் வெயில் பளீரென்று அடித்தாலும் வீட்டில் ஃபேன் சுற்றாது. இது குறை கிடையாது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு. நம் வீட்டுப் பேனல் கம்பிக்குள் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தால் அவர் என்ன ஆவார்? மின்வெட்டுக்கும் சேர்த்து வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய 'ஹைபிரிட்' அமைப்பு வேண்டும். விலை கணிசமாக ஏறும். பணம் திரும்பும் காலமும் நீளும். எப்போதாவது மின்வெட்டு வரும் ஊரில், ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டரே போதும்.

கடைக்கும் பட்டறைக்கும் வேறு கணக்கு

வணிக இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. இந்தத் திட்டத்தின் மானியமும் கிடையாது. ஆனால் கட்டணம் அதிகம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டும் கடைகளுக்கு 2022இலேயே யூனிட்டுக்கு 9.50 ரூபாய். பகல் முழுக்க விளக்கும் ஏசியும் ஓடும் ஜவுளிக்கடைக்கு, 5 கிலோவாட் மாதம் 600 யூனிட் கொடுத்தால் 5,700 ரூபாய் மிச்சம். 3 லட்ச ரூபாய் முதலீடு என்றால் நாலரை ஆண்டில் திரும்பும். வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம் என்பதும் லாபம் ஈட்டும் நிறுவனத்துக்குப் பெரிய உதவி.

வீட்டுக்கும் கடைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வணிக, தொழில் இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் இல்லை. கம்பிக்கு அனுப்பும் உபரிக்கு, நாம் கட்டும் விலையைவிட மிகக் குறைந்த விலைதான் கிடைக்கும். நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்றும் இருக்கிறது. தொழில் அமைப்புகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்து வந்திருக்கின்றன. ஆகவே பகலில் வெயில் இருக்கும்போதே செலவாகும் அளவுக்கு மட்டும் போடுவதுதான் புத்திசாலித்தனம். அச்சகம், மாவு மில், குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். மாலையில் மட்டும் சூடுபிடிக்கும் பரோட்டாக் கடைக்குப் பொருந்தாது. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் பெறும் விசைத்தறிக்காரர், அதற்கு மேல் ஓட்டுவது எவ்வளவு என்று பார்த்துவிட்டே முடிவுசெய்ய வேண்டும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

திட்டத்தின் இணையதளத்தில் பதிவுசெய்த நிறுவனத்திடம் போட்டால்தான் மானியம். இந்தியாவில் செய்த செல்களும் பேனல்களும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மானியம் பின்னால்தான், வேலை முடிந்து மீட்டர் மாற்றி ஆய்வு முடிந்த பிறகு, உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே முழுத் தொகையோ கடனோ முதலில் கையில் வேண்டும். மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். அப்பா பேரிலோ பழைய உரிமையாளர் பேரிலோ கிடக்கும் இணைப்பை முதலில் பெயர் மாற்றுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தனித்தனியாக மொட்டைமாடியைப் பங்குபோடுவதைவிட, சங்கத்தின் மூலம் லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்குப் போடுவது எளிது. அதற்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

பேனலுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தருவார்கள். இன்வெர்ட்டருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. இடையில் ஒருமுறை மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் உற்பத்தி குறையும்; மாடியில் குழாய் இருக்கிறதா, யார் ஏறித் துடைப்பது என்பதும் கேள்விதான். சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாமல், அதிகாலையில் கழுவ வேண்டும்.

கடந்த ஓராண்டின் ஆறு பில்லையும் எடுத்து வரிசையாக வையுங்கள். பெரும்பாலான முறை 500ஐத் தாண்டியிருந்தால், மாடியில் நிழல் இல்லையென்றால், தள்ளிப்போடாமல் போடுங்கள். காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பணம்தான் போகிறது, அனல்மின் நிலையத்தில் நிலக்கரியும் எரிகிறது. 300ஐச் சுற்றி நின்றால், யார் வந்து எவ்வளவு வற்புறுத்தினாலும் கடன் வாங்கிப் போடாதீர்கள். குறைவாக மின்சாரம் செலவழிக்கும் வீடு பூமிக்கு ஏற்கெனவே தன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறது. குற்ற உணர்ச்சி தேவையில்லை. இடையில் இருப்பவர்கள் முதலில் ஃபேனை மாற்றிவிட்டு, அடுத்த இரண்டு கணக்கெடுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 25 ஆண்டுக்கு மாடியில் இருக்கப்போகும் ஒன்றுக்கு நான்கு மாதம் யோசிப்பது தாமதம் ஆகாது.