முதல் ஆட்டம் போனால் தொடரும் போச்சா?

குறுவட்டப் போட்டிக்குப் போகிற தொட்டியம் பக்கத்துப் பள்ளி அணி காலையில் முதல் ஆட்டத்தில் தோற்றால், மதியமே ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். நாக்-அவுட் என்றால் அப்படித்தான். ஆனால் ஹாக்கியில் பெரிய போட்டிகள் பலவும் முதல் தோல்விக்குப் பிறகும் கதவைத் திறந்தே வைக்கின்றன. அந்தக் கதவு எவ்வளவு அகலம் என்பதை அட்டவணை போட்டவர்தான் முடிவு செய்கிறார்.

இரண்டு அணிகளும் சம பலம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 ஆட்டத் தொடரில் முதலாவதைத் தோற்ற அணி மீதி இரண்டையும் வென்றாக வேண்டும். வாய்ப்பு 25 சதவீதம். 5 ஆட்டத் தொடரில் அது 31 சதவீதம் ஆகிறது. 7 ஆட்டம் என்றால் 34 சதவீதம், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி பிளேஆஃப் தொடர்கள் 7 ஆட்டம் கொண்டவை. 2018 இறுதித் தொடரில் வாஷிங்டன் முதல் ஆட்டத்தை இழந்து, அடுத்த நான்கையும் வரிசையாக வென்று கோப்பையை எடுத்தது. 1942-ல் டொரொண்டோ முதல் மூன்றையும் தோற்றுவிட்டு நான்கையும் வென்றது.

இந்தக் கணக்குக்குத் தெரியாத ஒன்று உண்டு: தோற்ற அணி அந்த ஆட்டத்தில் என்ன கற்றுக்கொண்டது என்பது. அதற்கு நம் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை. முதல் ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 1-5. ஸ்கோரை மட்டும் பார்த்தால் படுதோல்வி. ஆனால் இடைவேளையில் அது 1-1. கேப்டன் ராணி ராம்பால் கோல் அடித்திருந்தார். உலகின் முதல்நிலை அணியைப் பாதி ஆட்டம் வரை தாங்கிப் பிடித்தவர்கள், மீதிப் பாதியில் நான்கு கோல் விட்டார்கள். அடுத்து ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. மூன்று ஆட்டத்தில் வாங்கியது 11 கோல், அடித்தது 2. அதற்கு முந்தைய ரியோ ஒலிம்பிக்கில் கடைசி இடம் பிடித்த அணி இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆறு அணிகள் கொண்ட பிரிவில் முதல் நான்குக்குக் காலிறுதி. அதனால் உயிர் மிச்சமிருந்தது. அயர்லாந்துக்கு எதிராக 57-வது நிமிடத்தில் நவ்நீத் கவுர் அடித்த ஒரே கோல் காப்பாற்றியது. மறுநாள் தென்னாப்பிரிக்காவை 4-3 என வென்றார்கள். அதில் வந்தனா கட்டாரியா மட்டும் மூன்று. அன்றிரவு பிரிட்டன் அயர்லாந்தை வீழ்த்திய பிறகுதான் நான்காமிடம் உறுதியானது.

ஆகஸ்ட் 2 காலிறுதியில் எதிரே ஆஸ்திரேலியா. 22-வது நிமிடம், பெனால்டி கார்னர், குர்ஜித் கவுர், 1-0. அதன்பின் ஆஸ்திரேலியா எடுத்த பெனால்டி கார்னர்கள் ஒன்றையும் கோல்கீப்பர் சவிதாவும் தற்காப்பு வீராங்கனைகளும் உள்ளே விடவில்லை. முதல் மூன்று ஆட்டத்தில் 11 கோல் வாங்கிய அதே அணி! பதக்கம் கைநழுவிப் போனாலும், ஒலிம்பிக்கில் முதன்முறையாக அரையிறுதி ஆடிவிட்டு நான்காமிடத்துடன் திரும்பினார்கள். நாக்-அவுட்டாக இருந்திருந்தால் இவர்களை ஜூலை 24-ஆம் தேதியே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

பக்கத்து அரியலூரிலிருந்து கார்த்தி செல்வம் இந்திய ஹாக்கி அணிவரை போயிருக்கிறார். காவிரிக்கரைப் பள்ளிகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு மோசமான காலைப்பொழுது அவர்களுடைய ஒரு வருடத்தை முடித்துவிடக் கூடாது. நான்கு அணிகள் இருந்தால் நாக்-அவுட்டுக்கு 3 ஆட்டம், எல்லோரும் எல்லோருடனும் மோதும் லீக்குக்கு 6 ஆட்டம். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளும் கொஞ்சம் செலவும்தான். ஆட்ட நேரத்தைக் குறைத்தால் அதுவும் மிச்சம். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு அட்டவணை போடும் உடற்கல்வி ஆசிரியர்கள், முதல் சுற்றையாவது லீக் முறையில் நடத்த வேண்டும்.