ஜெயிலுக்குள் கட்டிய போர்க்கப்பல்! எள்ளளவு கப்பி, நகத்தளவு சக்கரம்: கைதிகளின் கைவண்ணம்

சூப்பு வைத்த மாட்டெலும்பு. கையில் கிடைத்த மரத்துண்டு. இந்த இரண்டையும் வைத்துப் போர்க்கப்பல் கட்டி, அதைக் காசாக்கிய கில்லாடிகள் இருந்தார்கள். அதுவும் ஜெயிலுக்குள்ளே!

இடம்: இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரை அடுத்த நார்மன் கிராஸ். காலம்: 1797 முதல் 1814 வரை.

பிரான்சும் இங்கிலாந்தும் கடலிலும் கரையிலும் மோதிக்கொண்ட நேரம் அது. பிடிபட்ட மாலுமிகளையும் சிப்பாய்களையும் அடைக்க இடம் போதவில்லை. போர்க்கைதிகளுக்கென்றே மரத்தால் ஒரு பெரிய சிறையை அவசர அவசரமாகக் கட்டினார்கள். கூட்டம் அதிகமான சமயத்தில் அங்கே 7 ஆயிரம் பேர் வரை அடைபட்டுக் கிடந்தார்கள்.

வயிற்றுப்பாடு

ரொட்டியும் இறைச்சியும் அளந்துதான் கொடுப்பார்கள். சூதாட்டத்தில் அந்தச் சாப்பாட்டையும், போட்டிருந்த துணியையும் தோற்றுவிட்டு, குளிரில் நடுங்கியவர்கள் ஒரு பக்கம். “சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்” என்று கையில் கத்தியை எடுத்தவர்கள் இன்னொரு பக்கம்.

சிறை வாசலில் சந்தை கூடும். கைதிகள் செய்த பொம்மை, பெட்டி, தாயக்கட்டை எல்லாம் அங்கே விலை போகும். எல்லாவற்றிலும் மேலான சரக்கு, பாய்மரக் கப்பல் மாதிரிதான். சமையல் கட்டில் மிஞ்சிய எலும்பை வேகவைத்து, வெளுக்க வைத்து, பட்டை பட்டையாக அறுப்பார்கள். உள்ளே மர உடம்பு, வெளியே எலும்புப் பட்டை. சில கப்பல்களை முழுக்க மரத்திலேயே செய்தார்கள்.

மேல்தளத்தில்தான் வேலை

கப்பலின் உடம்பைச் செதுக்குவது ஒரு வேலை. பார்ப்பவனை நிறுத்தி வைப்பது மேல்தளம்! சுக்கான் சக்கரம், நங்கூர வடம் சுற்றும் உருளை, மணிக்கூண்டு, ஏணி, படகு, பீரங்கி, கயிறு ஓடும் கப்பி... ஒன்று குறைந்தாலும் “கப்பல் மொட்டையாக இருக்கிறதே” என்பார்கள். வாங்க வருகிறவர்களில் கடல் தெரிந்தவர்களும் இருப்பார்கள் அல்லவா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜக் கப்பலில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 5 அடி சுக்கான் சக்கரம் ஒன்றரை சென்டிமீட்டர் ஆகிவிடும். அதற்குள் அத்தனை ஆரக்கால்களும் நிற்க வேண்டும். ஒரு அடி கப்பி 3 மில்லிமீட்டர். அதில் நூல் ஓட துளை வேறு! அந்தக் கப்பியும் ஒன்று இரண்டல்ல. பெரிய போர்க்கப்பல் என்றால் நூற்றுக்கணக்கில் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பொறுமையைச் சோதிப்பது சல்லடை மூடி. கப்பலின் மேல்தளத்தில் உள்ள வாய்களை மூடும் மரச்சட்டம் இது. கீழ்த்தளத்துக்குக் காற்றும் வெளிச்சமும் போகவும், பீரங்கிப் புகை வெளியேறவும் சதுரம் சதுரமாகக் கண் வைத்திருக்கும்.

மாதிரியில் இதைச் செய்ய, மெல்லிய குச்சிகளில் சீப்புப் பல் போல வெட்டு போட வேண்டும். பிறகு ஒன்றின் வெட்டில் மற்றொன்றை குறுக்கே இறக்க வேண்டும். ஒரு வெட்டு மயிரிழை தள்ளிப் போனாலும் அடுத்தது உட்காராது. முழுச் சட்டமும் கோணல்தான். இழை நெருக்கமில்லாத மரம் என்றால் பல்லெல்லாம் உதிர்ந்துவிடும். இன்றைக்கும் மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் இதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். அவர்களுக்குப் பூதக்கண்ணாடியும் மின்சார ரம்பமும் உண்டு. நார்மன் கிராஸ் கைதிக்கு ஏது?

வரைபடமும் கிடையாது. பார்த்த கப்பலை ஞாபகத்தில் வைத்து, கண் அளவில் கட்டியவைதான் அநேகம். அதனால் பல மாதிரிகளில் பாய்மரம் அளவுக்கு மீறி உயர்ந்து நிற்கும். ஆனால் வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. பின்பக்கம் தொங்கும் நூலை இழுத்தால் பீரங்கிகள் உள்ளே போவதும் வெளியே வருவதுமான கப்பல்களும் உண்டு!

கள்ளநோட்டும் கடத்தலும்

கைத்திறன் இருக்கும் இடத்தில் கைவரிசையும் இருக்கும். வைக்கோல் பின்னி விற்பதைச் சிறையில் தடை செய்தார்கள். உள்ளூர்ப் பின்னல்காரர்களின் பிழைப்பு கெடுகிறது என்பது புகார். தடை வந்ததும் கடத்தல் வந்தது. உடந்தையாக இருந்து தண்டனை பெற்ற காவலர்களும் உண்டு.

சிலர் அதற்கும் மேலே போனார்கள். ஒரு பவுண்டு நோட்டையே அச்சு அசலாகத் தயாரித்துவிட்டார்கள்! 1805-ல் இரண்டு கைதிகளுக்கு இதற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது நிறுத்தி வைக்கப்பட்டு, 1814-ல் இருவரும் ஊர் திரும்பினார்கள்.

யோக்கியமாகக் கப்பல் செய்து விற்றவர்களில், விடுதலையாகும்போது நல்ல தொகையோடு வீடு போனவர்களும் உண்டு.

திரும்பாதவர்கள்

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 1800-1801-ல் விஷக் காய்ச்சல் பரவி, கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். சிறை இருந்த காலம் முழுவதும் செத்தவர்கள் சுமார் 1,770 பேர். போர் ஓய்ந்ததும் சிறையைப் பிரித்து, மரத்தை ஏலம் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கப்பல்கள் மட்டும் பிழைத்தன. பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் கைதிகளின் வேலைப்பாடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஏலத்துக்கு வரும் நல்ல மாதிரிகள் நம் பணத்தில் லட்சக்கணக்கில் விலை போகின்றன. செய்தவன் யார்? பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை!

இறந்த கைதிகளின் நினைவாக 1914-ல் ஒரு தூண் எழுப்பி, உச்சியில் வெண்கலக் கழுகு வைத்தார்கள். 1990-ல் அந்தக் கழுகைத் திருடர்கள் கொண்டுபோய்விட்டார்கள். 2005-ல் புதுக் கழுகு வந்தது.

கைதி செய்த எள்ளளவு கப்பி 200 வருஷம் தாண்டியும் பத்திரமாக இருக்கிறது. அவனுக்காக வைத்த வெண்கலக் கழுகுதான் களவு போனது!